அணை நுரையில் சலவைப்பொடி எவ்வளவு? ஆய்வகத்தில் அளக்கும் விதம்

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரைத்துப் பொங்குகிறதே, அதில் சலவைப்பொடி எவ்வளவு கலந்திருக்கிறது என்று எப்படி அளப்பார்கள் எனக் கேட்டிருந்தீர்கள்.

மெத்திலீன் நீலச் சாயம்தான் வழக்கமான வழி. அது தண்ணீரில் கரையும், தண்ணீரோடு கலக்காத கனமான திரவமான குளோரோபாமுக்குள் தனியாகப் போகாது. சலவைப்பொடியின் எதிர்மின் மூலக்கூறோடு ஜோடி சேர்ந்தால்தான் உள்ளே இறங்கும். குலுக்கிப் பிரித்து, அடியில் தங்கும் நீல அடுக்கு 652 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் அளவு தெரிந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரைதான் இந்தியத் தரம் ஏற்கிறது; வேறு நீரே கிடைக்காவிட்டால் 1 மில்லிகிராம்.

அப்புறம், கண்ணாடிச் சாமான்களைச் சலவைப்பொடி போட்டுக் கழுவவே கூடாது. ஒட்டியிருக்கும் துளி சலவைப்பொடியே அளவை ஏற்றிக் காட்டிவிடும்! குளோரைடு, நைட்ரேட் மிகுந்த நீரும் அப்படித்தான் ஏமாற்றும். அதனால் பிரித்தெடுத்த குளோரோபாமை அமிலம் சேர்த்த பாஸ்பேட் கரைசலால் கழுவிய பிறகே அளக்க வேண்டும்.