சட்டி தேடிப் போனவன்

கேள்வி: 'விட்சர் 3' வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருக்கிறேன். வளர்ப்பு மகள் சிரியைப் பேய்ப்படை துரத்துகிறது. அவளை அவசரமாகத் தேட வேண்டிய நாயகன் ஜெரால்ட் ஊர் ஊராக உட்கார்ந்து சீட்டாடுகிறான், நடுவில் ஒரு கிழவியின் சட்டியை வேறு மீட்டுக் கொடுக்கிறான். இதில் நோக்கம் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: சட்டியைக் குறைத்துப் பேசாதீர்கள். அது வருவது ஆரம்பத்தில், வைட் ஆர்ச்சர்ட் என்ற கிராமத்தில். அப்போது அவன் தேடுவது காதலி யெனிஃபரை, மகளை இல்லை. சரி, அதை விடுங்கள். கிழவி சட்டியை இரவல் கொடுத்தாள், வாங்கியவன் திருப்பித் தரவில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது. உலகத்தைக் காக்கக் கிளம்பிய எந்த வீரனின் காரணமும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் புரிந்ததில்லை. எங்கள் வீட்டுப் பித்தளை முறுக்கு அச்சு, மாமியார் கொடுத்தது, மூன்று தீபாவளிக்கு முன்னால் கீழ்மாடிக்குப் போனது, இன்னும் வரவில்லை. ஐப்பசி பிறந்தால் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும், நான்தான் போய்க் கேட்க வேண்டுமாம். அந்த அம்மாவை லிப்டில் பார்ப்பேன், "சாப்பிட்டாச்சா அண்ணே" என்பார், "ஆச்சும்மா" என்பேன், அதற்குள் தரைத்தளம் வந்துவிடும்.

நம் பத்திரிகைக்கு வரும் சிறுகதைகளில் பாதியில் நாயகன் சமுதாயத்தைத் திருத்தப் புறப்படுகிறான். ஏன் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. இதைப் போன வருஷம் சொன்னதற்கு இரண்டு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். மறுபடியும் சொல்கிறேன், அவனுக்கு ஒரு சட்டியாவது தொலையட்டும்.

சீட்டு விஷயத்தில் உங்கள் கட்சிதான். விளையாட்டு அவசரம் அவசரம் என்று கத்துகிறது, கடிகாரத்தை மட்டும் காணோம். நீங்கள் ஆறு மாதம் ஆடிவிட்டு வந்தாலும் சிரி அதே ஆபத்தில் அப்படியே காத்திருப்பாள். 1997-இல் வந்த முதல் 'ஃபால்அவுட்'டில் மக்கள் பதுங்கி வாழும் நிலவறைக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கான சில்லு கொண்டுவர 150 நாள்தான், தாண்டினால் ஆட்டம் முடிந்தது. 2000-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 2' வேறு தந்திரம் செய்தது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தோழி இமோயனை மீட்க உதவுகிறேன், 20,000 பொன் கொண்டு வா என்கிறான் ஒருவன். அப்புறம் நீங்கள் ஊரில் எந்தச் சில்லறை வேலைக்குப் போனாலும் அது அவளுக்காகத்தான்.

நம் ஆட்களுக்கு இது எப்போதோ தெரியும். சீதையைத் தேடச் சுக்கிரீவன் கொடுத்த கெடு ஒரு மாதம். அங்கதன் கூட்டம் தாகத்துக்குத் தண்ணீர் தேடி ஒரு குகைக்குள் நுழைந்தது, வெளியே வருவதற்குள் கெடு போய்விட்டது, இனி ஊர் திரும்பினால் தலை தப்பாது என்று கடற்கரையில் உயிரை விட உட்கார்ந்துவிட்டார்கள். அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் கழுகரசன் சம்பாதி வந்து இலங்கையைக் காட்டினான். குகைக்குள் போகாமல் இருந்திருந்தால்?

அடுத்த முறை ஃபெரி ஏறிப் பினாங்கு வந்தால், பூட்டிய கதவு திறக்கும் வித்தை கைவசம் இருந்தால், எங்கள் கீழ்மாடிக்கு ஒரு நடை போய் வாருங்கள். கூலி ஒரு போத்தல் முறுக்கு, அச்சு கிடைத்தால்.