பழைய கார், மங்கிய ஹெட்லைட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் காருக்குப் பதினைந்து வயது தாண்டிவிட்டது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, விற்க மனசு வரவில்லை. ஆனால் ராத்திரியில் எடுத்தால் ஹெட்லைட் எரிகிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கிறது. புது பல்பு மாற்றியும் பெரிய வித்தியாசம் இல்லை. 100 வாட் பல்பு போடச் சொல்கிறார் ஒருவர், எல்இடி போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைப் போடட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். புது பல்பு போட்டும் வெளிச்சம் ஏறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் கோளாறு பல்பில் இல்லை, பல்புக்கு வந்து சேரும் கரண்டில் இருக்கிறது. பழைய கார்களில் பெரும்பாலும் இதுதான் கதை, பலரும் இதைப் பார்க்காமல் பல்பாக வாங்கி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள், சாதாரணமானது போதும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வோல்டேஜைப் பாருங்கள். 13.8-லிருந்து 14.4 வரை இருந்தால், ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது. அதற்கும் குறைவாக இருந்தால், அதுவும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் லைட் பளிச்சென்று ஏறி, விட்டால் இறங்குகிறது என்றால், ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி முனை இவற்றைச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து பல்பின் பின்பக்கம் போங்கள். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளக்கக் கூடாது. கழற்றினால் கரண்ட் ஓடாது, ஓடாத ஒயரில் இழப்பும் தெரியாது, மீட்டர் அழகாக 14 காட்டி உங்களை ஏமாற்றிவிடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கனெக்டரின் பின்னாலிருந்து மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். பேட்டரியில் 14, பல்பில் 12 என்று வந்தால் நடுவில் 2 வோல்ட் எங்கோ தொலைகிறது என்று அர்த்தம். அரை வோல்ட் வரை போனால் பரவாயில்லை, ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கை வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையும் அதே விகிதத்தில் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும். பல கார்களில் இருக்கும் எச்4 பல்பின் அளவுகள் 13.2 வோல்ட்டுக்குக் கணக்கிடப்பட்டவை. அதே பல்புக்கு 12 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட 72 சதவீதத்துக்கு இறங்கிவிடும், 11.5 வோல்ட் என்றால் 63 சதவீதம்தான். கூடவே நிறமும் பழுப்பு மஞ்சளாக மாறும். உங்களுக்கு நடப்பது இதுவாகத்தான் இருக்கும்.

எங்கே தொலைகிறது? இரண்டு இடங்களில். ஒன்று எர்த். ஹெட்லைட்டின் எர்த் ஒயர் பாடியில் ஒரு போல்ட்டில் முறுக்கப்பட்டிருக்கும், அந்த இடத்தில் துரு ஏறியிருக்கும், அல்லது யாரோ டிங்கரிங், பெயின்டிங் செய்தபோது பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை மாட்டியிருப்பார்கள். கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள். சில கார்களில் இந்த ஒரு வேலையிலேயே பாதி வெளிச்சம் திரும்பிவிடும்.

இன்னொன்று ஸ்விட்ச். பல பழைய கார்களில் ஹெட்லைட்டுக்குப் போகும் முழு கரண்டும் ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகவே போய்த் திரும்புகிறது. டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து சுமார் 9 ஆம்பியர், பிரைட்டில் 10. மெல்லிய ஒயர், பல வருஷம் பொறி பட்டுக் கருத்த காண்டாக்ட், ஏகப்பட்ட கனெக்டர்கள். இதற்கு நல்ல மருந்து ரிலே, அதாவது சின்ன கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து தடிமனான ஒயர் ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர், ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்ற முனைக்கு. 87 என்ற முனையிலிருந்து அதே தடிமனில் பல்புகளுக்கு. பல்பின் எர்த்தும் அதே தடிமனாக இருக்கட்டும், அதை மெல்லியதாக விட்டால் செய்த வேலை பாதி வீண். 85, 86 முனைகளில் ஒன்றுக்குப் பழைய ஹெட்லைட் ஒயர், இன்னொன்றுக்கு எர்த். இனிமேல் ஸ்விட்ச் ரிலேயை இழுக்க மட்டும்தான், அதற்கு ஒரு ஆம்பியர்கூடத் தேவையில்லை. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே எனத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது, கார் தீப்பிடிக்கும். இன்னொரு விஷயம், சில கார்களில் ஸ்விட்ச் எர்த் பக்கத்தைத் துண்டிக்கிற மாதிரி ஒயரிங் இருக்கும். அதில் மேலே சொன்ன இணைப்பு அப்படியே பொருந்தாது. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

100 வாட் பல்பை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது இழுப்பது இரண்டுக்கும் சேர்த்து 16, 17 ஆம்பியர். இப்போதே தடுமாறும் ஒயரில் இதையும் ஏற்றினால் இழப்பும் கூடவே ஏறும், கூடுதல் வாட்டில் ஒரு பகுதி ஒயரைச் சூடாக்கவே போகும், ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். ரிஃப்ளெக்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. எதிரே வருகிறவர் கண்ணை வேறு கூச வைக்கும். பல நாடுகளில் சாலையில் அனுமதியும் கிடையாது.

கேள்வி: ஹெட்லைட்டின் வெளிக்கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. டூத்பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன், நன்றாக வந்தது. சில மாதங்களில் மறுபடி மஞ்சள். ஏன்?

பதில்: அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும் என்பதால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்தப் பூச்சு செத்துப்போனதுதான் நீங்கள் பார்க்கும் மஞ்சள். டூத்பேஸ்ட் மேலாகச் சுரண்டிவிட்டது, பிளாஸ்டிக் இப்போது மேலே எதுவும் இல்லாமல் வெயிலில் நிற்கிறது. திரும்ப மஞ்சளாகாமல் என்ன செய்யும்?

சரியாகச் செய்ய வேண்டுமென்றால், சுற்றிலும் பெயின்ட் மேல் டேப் ஒட்டிக்கொண்டு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து முதலில் 800, அப்புறம் 1500, அப்புறம் 2000 அல்லது 3000 எண் என்று படிப்படியாகத் தேய்க்க வேண்டும். முதல் தாளில் தேய்க்கும்போது வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது வெள்ளையாக மாறும் வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள், பொறுமையில்லாமல் தாண்டிப் போனவர்களின் ஹெட்லைட்டில்தான் ஓரத்தில் மஞ்சள் திட்டு நிற்கும். பிறகு பாலிஷ். கடைசியில், கட்டாயமாக, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட். அதை விட்டுவிட்டால் முன்னால் செய்த வேலை முழுக்க வீண். கிளியர் கோட் போட்டாலும் தொழிற்சாலைப் பூச்சு மாதிரி நீண்ட நாள் உழைக்காது, மங்க ஆரம்பித்ததும் மறுபடி கவனிக்க வேண்டியதுதான்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் பல்பைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்து ரிஃப்ளெக்டரைப் பாருங்கள். பல்புக்கு நேர் மேலே உள்ள பகுதி வெள்ளிப் பளபளப்பாக இல்லாமல் சாம்பல் பூத்தமாதிரி இருந்தால், அல்லது உரிந்து வந்திருந்தால், வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. டிம் வெளிச்சம் முக்கியமாக அந்த மேல் பகுதியில் பட்டுத்தான் சாலைக்கு வருகிறது. அதைத் துணியால் துடைக்கப் போகாதீர்கள். மிக மெல்லிய அலுமினியப் படலம் அது, ஒரு துடைப்பில் போய்விடும். முழு யூனிட்டையே மாற்றுவதுதான் வழி.

கேள்வி: எல்இடி பல்பு போட்டேன். பார்க்க ரொம்பப் பிரகாசம், ஆனால் நெடுஞ்சாலையில் தூரத்தில் எதுவும் தெரியவில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் பிரைட் அடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

பதில்: நீங்கள் டிம்மில் போகும்போதும் அவர்கள் கண்ணுக்குப் பிரைட்டாகவே தெரிகிறது, அதனால்தான்.

பழைய எச்4 பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியைத் தொடாமல் அடிப்பாகத்தைப் பிடித்து. உள்ளே இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். ஒன்றின் அடியில் மட்டும் சின்னதாக ஒரு உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம்தான் டிம்மில் கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை மறைத்து, ரிஃப்ளெக்டரின் மேல் பாதியை மட்டும் பயன்படுத்த வைத்து, எதிரே வருகிறவர் கண்ணுக்குக் கீழேயே வெளிச்சத்தை வெட்டி நிறுத்துகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய ஃபிலமென்ட் சரியாக அதே இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. எல்இடியில் அந்த இடத்தில் இருப்பது ஒரு தட்டையான பட்டையின் இரண்டு பக்கத்திலும் ஒட்டிய சில்லுகள். ஒளி கிளம்பும் இடம் கொஞ்சம் மாறினாலும் சாலையில் விழும் இடம் நிறையவே மாறும். வெளிச்சம் மொத்தத்தில் அதிகம், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மேலேயும் பக்கவாட்டிலும் சிதறுகிறது.

தூரம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த பல்புகளில் பல, வண்டியின் மூக்குக்குக் கீழே உள்ள சாலையை வெள்ளையாக அடித்து நிரப்பிவிடும். அந்தப் பளிச்சில் கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, அப்புறம் தூரத்து இருட்டில் இருப்பது கண்ணுக்கு எட்டாது. பிரகாசமாக இருக்கிறது என்ற நிம்மதியில் வேகமும் கூடிவிடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி மாற்று பல்புகளை அனுமதிக்கிறார்கள், ஆனால் எந்த மாடல் காரில் எந்த பல்பு என்று தனித்தனியாகச் சோதித்துப் பட்டியல் போட்டுத்தான். அதிலிருந்தே தெரிகிறது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்குகிற பொருள் அல்ல இது. நல்ல தரமான, அதே வாட் ஹாலஜனுக்குத் திரும்பிவிடுங்கள். கூடுதல் வெளிச்சம் என்று விற்கும் ஹாலஜன்கள் உண்மையிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தரும், ஆனால் ஆயுள் குறைவு. நீலக் கண்ணாடி போட்டவை வேண்டாம், நீலப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். விரல் பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: ஹெட்லைட்டை மேலே தூக்கி வைத்தால் தூரம் தெரியுமே, அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடாது. ஆனால் சரியான உயரத்தில் வைத்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்குத் தூரம் கிடைக்கும். கணக்கு எளிது. ஹெட்லைட் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒளி 1 சதவீதம் கீழே சாய்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளிச்சம் தரையைத் தொடும் இடம் 65 மீட்டர். 2 சதவீதம் சாய்ந்தால் 32 மீட்டரோடு முடிந்தது. சாய்வே இல்லாமல் நேராக விட்டால் எதிராளியின் கண்ணில்தான்.

சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும், உள்ளே ஹெட்லைட் உயரம் மாற்றும் சக்கரம் இருந்தால் அதை பூஜ்ஜியத்தில் வையுங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டால் அதுதான் 1 சதவீதம். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். சாலையோரப் பக்கம் மட்டும் விளிம்பு சற்று மேலே ஏறும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். பல கார்களில் ஹெட்லைட் மேலேயோ பக்கத்திலோ எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள், இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பே சரியாகத் தெரியாமல் கலங்கலாக இருந்தால் ஸ்குரூவைத் திருப்பாதீர்கள், பல்பைக் கழற்றிப் பாருங்கள். எச்4 பல்பின் அடித்தட்டில் மூன்று காதுகள் உண்டு, ஒன்று மட்டும் அகலம். அது தன் பள்ளத்தில் உட்காராமல் கோணலாக கிளிப் மாட்டியிருந்தால் எந்த ஸ்குரூவாலும் சரிசெய்ய முடியாது.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. நீங்கள் சொன்னதெல்லாம் செய்தாயிற்று, நான் ஓட்டும்போது நன்றாகத் தெரிகிறது. அவர் மட்டும் இன்னும் வெளிச்சம் பத்தவில்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது உண்மை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்வதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை ஆரம்பித்திருந்தால் எதிர் வெளிச்சமும் வட்டம் வட்டமாகச் சிதறும். அவரைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். காரில் செய்யக்கூடியது, முன் கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைப்பது. வெளிப்பக்கம் எல்லாரும் துடைக்கிறோம், உள்ளே டாஷ்போர்டிலிருந்து கிளம்பிப் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை யாரும் கவனிப்பதில்லை. எதிரே லைட் வரும்போது கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூப்பது அதனால்தான். டாஷ்போர்டு விளக்கையும் குறைத்து வையுங்கள்.

வேகத்தையும் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறது. பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டுவர ஒரு வினாடி, அப்புறம் காய்ந்த சாலையில் நிற்க 35 மீட்டர், ஆக 57 மீட்டர். டிம் வெளிச்சம் எட்டுவதே ஏறக்குறைய அவ்வளவுதான், இருட்டுச் சட்டை போட்டு நடந்து போகிறவர் அதற்கும் கிட்டத்தில்தான் கண்ணில் படுவார். மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை ராத்திரியில் நீங்களே ஓட்டுங்கள்.