அந்த நாட்டு விசாவோடு இந்த நாட்டுக்குள் போகலாமா?

‘கையில் ஒரு நாட்டு விசா இருக்கிறது, அதை வைத்து வேறு எங்கெல்லாம் சுற்றுலா போகலாம்?’ இந்த ஒரே கேள்வியைப் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். தனியாகக் குறிப்பிடாத இடங்களில், பதில்கள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானவை.

பிரான்ஸ் தூதரகம் கொடுத்த ஷெங்கன் விசா இருக்கிறது. ரோமுக்குத்தான் மலிவாக டிக்கெட் கிடைக்கிறது. ‘விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்கணும்’ என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
– வாசகர், திருப்பூர்

இல்லை. ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அதில் இப்போது 29 நாடுகள். எந்த நாட்டிலும் முதலில் இறங்கலாம். அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே விதி. எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாட்டிடம். ஆறு நாள் பிரான்ஸ், நான்கு நாள் இத்தாலி என்று காட்டி விசா வாங்கியிருந்தால் ரோமில் தாராளமாக இறங்குங்கள். ஆனால் பாரிஸ் ஹோட்டல் முன்பதிவு கையில் இருக்கட்டும். பிரான்ஸ் பக்கமே போகாத திட்டம் என்று ரோம் அதிகாரிக்குத் தோன்றினால், உள்ளே விடாமல் விசாவை ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.

விசா கைக்கு வந்த அன்றே ஸ்டிக்கரை வரி வரியாகப் படியுங்கள். ‘செல்லுபடியாகும் இடம்’ என்ற வரியில் ஷெங்கன் நாடுகள் என்று இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் கழித்தல் குறியோடு ஒரு நாட்டின் எழுத்து இருந்தால், அந்த நாட்டுக்கு மட்டும் விசா செல்லாது. அடுத்தது நுழைவு எண்ணிக்கை: 01, 02, அல்லது ‘மல்ட்’ (பலமுறை). அதற்கடுத்ததில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மே 10 முதல் ஜூன் 3 வரை என்று தேதி போட்டு, தங்கும் காலம் 10 நாள் என்று இருக்கும். 25 நாளும் இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 25 நாளுக்குள் ஏதாவது 10 நாள் என்பதே பொருள். மீதி 15 நாள், பயணத் தேதி தள்ளிப்போனால் சமாளிக்கத் தரும் அவகாசம். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 12 இரவு 11.50க்கு இறங்கினாலும் அது முதல் நாள்தான். மே 21க்குள் வெளியேறிவிட வேண்டும்.

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் மூன்று நாள் இருக்கப்போகிறோம். அங்கிருந்து பக்கத்திலுள்ள மோஸ்தார் ஊரை ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்கள். விசா சிங்கிள் என்ட்ரி.
– வாசகி, நாகர்கோவில்

போகாதீர்கள். மோஸ்தார் இருப்பது போஸ்னியாவில். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, போஸ்னியா வரவில்லை. எல்லையைத் தாண்டிய நொடியிலேயே உங்கள் ஒரே நுழைவு முடிந்துபோகும். மாலையில் திரும்பி வரும்போது குரோஷிய அதிகாரி உள்ளே விட மாட்டார். பெட்டி ஹோட்டல் அறையில், ஊர் திரும்பும் விமானம் துப்ரோவ்னிக்கில், நீங்கள் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம்.

துப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்ப்லிட் நகருக்குச் சாலையில் போவதாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும். பழைய கடற்கரைச் சாலை நடுவில் நேயும் என்ற ஊர் வழியாகப் போகிறது. அது போஸ்னியாவின் கடலோரத் துண்டு. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு போஸ்னியாவைத் தொடாமலே போக வழி வந்துவிட்டது. டிக்கெட் வாங்கும்போது ‘பாலம் வழியா, நேயும் வழியா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மல்டிபிள் என்ட்ரி விசா இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி பெரிய வரம். செர்பியா 90 நாள் வரை, மான்டினீக்ரோ 30 நாள் வரை தனி விசா கேட்பதில்லை. அல்பேனியாவும் அப்படித்தான். ஆனால் அங்கே ஒரு நிபந்தனை உண்டு: அந்த மல்டிபிள் விசாவை, அதைக் கொடுத்த நாட்டுப் பகுதிக்குள் நுழைய ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

திரும்பும் விமானத்தையும் பாருங்கள். பெல்கிரேட் (செர்பியா) – வியன்னா – ஃபிராங்க்ஃபர்ட் – சென்னை என்று டிக்கெட் போட்டால், வியன்னாவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போவது ஷெங்கனுக்குள்ளே பறக்கும் உள்நாட்டு விமானம் மாதிரி. வியன்னாவிலேயே இமிக்ரேஷன் தாண்டி ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவு தீர்ந்துபோன விசாவோடு அது முடியாது. இஸ்தான்புல், துபாய், தோஹா வழியாகத் திரும்பினால் இந்தச் சிக்கலே இல்லை.

நானும் மனைவியும் பத்து வருட அமெரிக்க பி1/பி2 (விசிட்டர்) விசாவில் டல்லஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அங்கிருந்து நயாகராவின் கனடா பக்கமும், மெக்சிகோவில் கான்கூனும் பார்க்க ஆசை. அமெரிக்க விசா போதுமா?
– வாசகர், கோவை

கான்கூனுக்குப் போதும், கனடாவுக்குப் போதாது.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தன் விசாவைக் கேட்பதில்லை. ஷெங்கன், பிரிட்டன், கனடா, ஜப்பான் விசாக்களுக்கும் அதே சலுகை உண்டு. உச்ச வரம்பு 180 நாள். ஆனால் எத்தனை நாள் என்று அதிகாரி பதிவதுதான் உங்கள் கணக்கு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனடாவுக்கு இந்தியர் தனி விசா எடுத்தே ஆக வேண்டும். நயாகராவில் ரெயின்போ பாலத்தின் பாதியில் கோடு தாண்டினால் கனடா. விசா இல்லையென்றால் அமெரிக்கக் கரையிலிருந்தே பாருங்கள். அருவியை மிக நெருங்கி நிற்பது அமெரிக்கப் பக்கத்தில்தான்.

ஒரே காரில் போகும் குடும்பத்தில் ஆளுக்கொரு விதி இருப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. மகன் எச்1பி (வேலை) விசாவில் இருந்தால் கனடாவுக்கு அவருக்கும் விசா வேண்டும். மருமகளிடம் கிரீன் கார்டு இருந்தால் வேண்டாம். செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் போதும். பேரப்பிள்ளை அங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன் என்றால் விசாவே கிடையாது. மெக்சிகோவிலும் மகனுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. எச்1பி நீட்டிப்பு கிடைத்து ஐ-797 என்ற ஒப்புதல் தாள் வந்திருக்கும், பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்ப்போ காலாவதியாகியிருக்கும். மெக்சிகோ பார்ப்பது ஸ்டாம்ப்பைத்தான், அந்தத் தாளை அல்ல.

இன்னொன்று. ‘கனடா, மெக்சிகோ போய்விட்டு வந்தால் அமெரிக்காவில் மறுபடி ஆறு மாதம் கிடைக்கும்’ என்று சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்தத் தேதி வரை அமெரிக்காவில் தங்கலாம் என்ற பதிவுதான் ஐ-94. 30 நாளுக்குள் திரும்பினால் பழைய ஐ-94 தேதியே தொடரலாம். புதுத் தேதி தருவது அதிகாரியின் விருப்பம். திரும்பி வந்த அன்றே ஐ-94 இணையதளத்தில் உங்கள் தேதியைப் பார்த்து, ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அமெரிக்க விசா இருந்தால் துபாயில் இறங்கியே விசா வாங்கலாமாமே?
– வாசகி, திருநெல்வேலி

வாங்கலாம். அமெரிக்க விசாவும் பாஸ்போர்ட்டும் குறைந்தது ஆறு மாதம் மீதம் இருக்க வேண்டும். 14 நாளுக்கு 100 திர்ஹம். இன்னொரு 14 நாள் நீட்டிக்க 250 திர்ஹம். நேரடியாக 60 நாள் வேண்டுமென்றாலும் 250 திர்ஹம்தான். 14 நாளுக்கு மேல் தங்கும் எண்ணம் இருந்தால் முதலிலேயே 60 நாள் எடுப்பதுதான் லாபம்.

நான் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். என்னிடமும் அமெரிக்க விசா உண்டு. இந்தியாவில் இருக்கிற மச்சான் துபாயில் இறங்கி விசா எடுத்தவர். எனக்கும் தருவார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அந்தச் சலுகை இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் முன்கூட்டியே விசா எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இந்த விஷயத்தில் நாடுகள் இரண்டு ரகம். ஒரு ரகம், ‘இந்த நாட்டு விசா யாரிடம் இருந்தாலும் வரலாம்’ என்பவை: மெக்சிகோ, ஜார்ஜியா, செர்பியா, அல்பேனியா. இவை உங்களுக்கும் பொருந்தும். இன்னொரு ரகம், ‘இன்ன நாட்டுக் குடிமகனாகவும் இருக்க வேண்டும், இன்ன விசாவும் இருக்க வேண்டும்’ என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவை. அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு அர்ஜென்டினா 2025 ஆகஸ்டில் கொடுத்த விலக்கு இந்த ரகம். பெரு நாட்டின் சலுகை இந்தியருக்கும் சீனருக்கும். அதனால் உறவினர் போய்வந்ததை வைத்து முடிவு செய்யாமல், விதியில் உங்கள் பாஸ்போர்ட்டின் நாட்டுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

மகள் மான்செஸ்டரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அவளைப் பார்க்க பிரிட்டன் விசிட்டர் விசா எடுத்திருக்கிறோம். மூவரும் அயர்லாந்து போக முடியுமா? டப்ளினில் இறங்கிவிட்டு அப்புறம் மான்செஸ்டர் போனால் டிக்கெட் குறைவு.
– பெற்றோர், சென்னை

உங்கள் இருவரால் முடியும், மகளால் முடியாது. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் விதி அதுதான்.

பிரிட்டனும் அயர்லாந்தும் இந்தியருக்கும் சீனருக்கும் ‘பிரிட்டிஷ் ஐரிஷ் விசா திட்டம்’ என்று ஒன்று வைத்திருக்கின்றன. குறுகிய கால விசிட்டர் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்ற குறிப்பு இருந்தால் இரண்டு நாட்டுக்கும் அது செல்லும். மாணவர் விசா இதில் சேராது. மகள் அயர்லாந்து விசா தனியாக எடுக்க வேண்டும்.

டப்ளினில் முதலில் இறங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். விசா கொடுத்த நாட்டுக்குள் முதலில் நுழைந்த பிறகே அடுத்த நாடு. லண்டனிலோ மான்செஸ்டரிலோ இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, அதன் பிறகு டப்ளின். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக நேராக டப்ளினுக்கு டிக்கெட் எடுத்தால் சென்னை கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

டப்ளினுக்கும் பெல்ஃபாஸ்டுக்கும் நடுவே சாலையில் சோதனைச் சாவடி கிடையாது. ஆனாலும் பெல்ஃபாஸ்ட் பிரிட்டன்தான். இந்தக் குறிப்பு இல்லாத ஐரிஷ் விசாவோடு பஸ்ஸில் அங்கே போய்வருவது, யாரும் தடுக்காவிட்டாலும், சட்டவிரோத நுழைவு.

சிட்னிக்கு ஆஸ்திரேலிய சுற்றுலா விசா வந்துவிட்டது, வெறும் மின்னஞ்சலாக. பாஸ்போர்ட்டில் எதுவும் இல்லை. இதை வைத்து வழியில் சிங்கப்பூரில் மூன்று நாள் தங்க முடியுமா?
– வாசகர், திருச்சி

முடியும். ஆஸ்திரேலியா 2015 செப்டம்பரிலிருந்தே ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை. விசா அனுமதிக் கடிதத்தையும், விசா நிலையைச் சரிபார்க்கும் ஆஸ்திரேலிய அரசின் ‘வீவோ’ தளத்தில் எடுத்த தாளையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் இதை 96 மணி நேர விசா இல்லா ட்ரான்சிட் என்று தருகிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டில் ஒன்றின் விசா வேண்டும். ஷெங்கன் என்றாலே போதும் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸோ இத்தாலியோ கொடுத்தது இந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரில் இறங்கும் நாளில் அந்த விசா குறைந்தது ஒரு மாதம் மீதம் இருக்க வேண்டும், 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட்டும் வேண்டும். வருகை அட்டையை மூன்று நாள் முன்பிலிருந்து இணையத்தில் நிரப்பலாம். உங்கள் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால், போகும் வழியில் தங்க முடியாது. சிட்னியிலிருந்து திரும்பும் வழியில்தான் முடியும்.

மின்னஞ்சல் விசாவைத் துருக்கி ஏற்காது. அமெரிக்கா, ஷெங்கன், பிரிட்டன், அயர்லாந்து விசாவைக் காட்டி இந்தியர் 30 நாள் துருக்கி மின் விசா எடுக்கலாம் என்றாலும், ஆதாரமாகக் காட்டும் விசா மின் விசாவாக இருக்கக் கூடாது. துருக்கியின் விண்ணப்பப் படிவம் அதைச் சரிபார்க்காமலே பணத்தை வாங்கிக்கொண்டு விசாவைக் கொடுத்துவிடும். மாட்டுவது விமான நிலையத்தில்.

புது அமெரிக்க விசா. இன்னும் அமெரிக்கா போகவில்லை. சவூதி சுற்றுலா விசாவுக்கு அதைக் காட்டலாமா?
– வாசகர், வேலூர்

கூடாது. அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் விசாக்களைச் சவூதி ஏற்றுக்கொள்வது, அந்த விசாவில் ஒருமுறையாவது போய்வந்த முத்திரை இருந்தால்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் சென்னை விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் தர மறுக்கிறார்களாமே, ஏன்?
– வாசகி, சேலம்

விசா இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பி அழைத்துவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில். அதனால் கவுன்ட்டரில் இருப்பவர் ‘டிமேட்டிக்’ என்ற தரவுத்தளத்தில் உங்கள் பாஸ்போர்ட் நாடு, கையிலிருக்கும் விசா, போகும் நாடு மூன்றையும் போட்டுப் பார்ப்பார். ‘இன்ன விசா இருந்தால்’ என்று வரும் சலுகை அதில் பல வரி தள்ளித்தான் இருக்கும். அவசரத்தில் மேல் வரியை மட்டும் பார்த்து மறுப்பதும் நடக்கிறது. போகும் நாட்டின் வெளியுறவுத் துறையோ தூதரகமோ தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் விதியின் பக்கத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டு, உங்களுக்குப் பொருந்தும் வரியை அடிக்கோடிட்டுக் கொண்டுபோங்கள். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் முன்பதிவு, காப்பீடு மூன்றும் தாளாக இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு முன்பே கவுன்ட்டரில் நில்லுங்கள்; முதலில் மறுத்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லிக் காட்ட அப்போதுதான் நேரம் இருக்கும்.