தம்பி, ரவை நிரப்பும் சாமான்களை இப்போது வாங்காதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். நோர்வேயில் ஹாமாருக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது, கூட வேலை செய்யும் நோர்வேக்காரர் வருகிற இலையுதிர்காலம் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார், எந்தத் துவக்கு வாங்கலாம், எந்தக் கத்தி நல்லது, ரவையை வீட்டிலேயே நிரப்பினால் பாதிக் காசு மிச்சம் என்கிறார்களே, அந்தச் சாமான்களையும் சேர்த்தே வாங்கிவிடவா என்று கேட்டிருந்தீர்கள். வரி அட்டை, வீட்டுக் கடன், மகளை எந்த வயதில் பாலர் பள்ளியில் விடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கெல்லாம் உங்கள் வயதுக்காரர்களைக் கேளுங்கள். என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எனக்குத் தெரிந்த விதிகள் பழையவை. என்னை எழுத வைத்தது அந்த ரவைக் கேள்விதான்.

வாங்காதீர்கள். குறைந்தது மூன்று வேட்டைக் காலத்துக்குக் கடையில் விற்கும் ரவையையே சுடுங்கள். இன்னொன்று: வேறு ஒருவர் வீட்டில் நிரப்பிய ரவையை, அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், உங்கள் துவக்கில் போடாதீர்கள். (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: துவக்கு என்பது துப்பாக்கி. ரவை என்று நான் சொல்வது முழுத் தோட்டாவை. அதிலிருந்து பாய்ந்து போகும் முனை சன்னம். வெறுமையாய் மிஞ்சும் பித்தளைக் குப்பி கோது.)

நான் 1987 இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் பலர் வந்த வழிதான். ஃபோல்க்கெஹொய்ஸ்கூலெ என்ற உறைவிடப் பள்ளியில் ஓர் ஆண்டு, அப்புறம் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் வெட்டும் வேலை. 1996 இல் தெற்கே எல்வெரும் பக்கம் வந்தேன். சுற்றிலும் காடு. இலையுதிர்காலம் வந்தால் வேலையிடத்தில் பாதிப் பேர் லீவில் போய்விடுவார்கள். ஏன் என்று கேட்டால் எல்க் என்ற ஒரே சொல்தான் பதில். அடுத்த ஆண்டே வேட்டைக்காரர் தேர்வுக்குப் படித்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து, முதல் தடவையிலேயே தேறினேன். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

ஊருக்கு அனுப்பும் காசு போக மிஞ்சியதில், இறந்துபோன ஒரு முதியவரின் வீட்டிலிருந்து பழைய க்ராக்-யோர்கென்சன் துவக்கு ஒன்றை வாங்கினேன். கொங்ஸ்பெர்க்கில் செய்தது, 6.5×55 ரவை. வடிவான சாமான். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டான பொல்ட்டை இழுத்தால் வெண்ணெய்யில் கத்தி போவது போலப் போகும். வேலையிடத்தில் என்னோடு நன்றாகப் பழகிய ஒருவர், தான் நிரப்பிய 20 ரவையை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தந்தார். "உன்னுடையதும் ஆறரைதானே, பழகிப் பார்" என்றார். அன்புடன்தான் தந்தார். ஆனால் அவர் தன்னுடைய புதிய துவக்குக்கு ஏற்றபடி வெடிமருந்தை உச்ச அளவுக்குக் கொண்டுபோய் நிரப்பியிருந்தார். புதிய துவக்குகளில் பொல்ட்டைப் பூட்டிப் பிடிக்க இரண்டு மூன்று காதுகள் இருக்கும். க்ராக்கில் முன்னால் இருப்பது ஒரே ஒரு காது. எனக்கு அது தெரியாது, அவர் அதை யோசிக்கவில்லை. போதாததற்கு ஜூலை வெயிலில் அந்தப் பெட்டி அரை நாள் காருக்குள் கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. மருந்து சூடானால் அழுத்தம் ஏறும்.

முதல் வெடியிலேயே கன்னத்தில் சூடான காற்று அடித்தது. பொல்ட் அசையவில்லை. சுடுதளத்தில் பொறுப்பாக இருந்த முதியவர் வந்து, ஒன்றும் பேசாமல் துவக்கை என் கையிலிருந்து வாங்கி, ஒரு மரக்கட்டையால் மெல்ல மெல்லத் தட்டித் திறந்தார். கோதின் அடியில் மருந்தைப் பற்ற வைக்கும் சின்ன மூடியான பிரைமர் நாணயம் போலத் தட்டையாகி, அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கோதின் அடி விரிந்திருந்தது. துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனபோது அந்த ஒற்றைக் காதின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். மற்ற 19 ரவையையும் நான் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. அந்தக் கோதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சரி, இனித் துவக்கு. நாலைந்து ஆண்டு ஓடிய டிக்கா (பின்லாந்துத் தயாரிப்பு) ஒன்று, ரவை அளவு .308 அல்லது 6.5×55. இரண்டில் எது என்று இரவு முழுக்க யோசிக்காதீர்கள், எது தோளுக்குப் பொருந்துகிறதோ அது. ஆறரை இந்த மண்ணின் ரவை, 1894 இலிருந்து நோர்வேயும் சுவீடனும் வைத்திருப்பது, தோளில் உதைக்காது. ஆனால் எல்க்குக்குச் சட்டத்தில் ஒரு கணக்கு உண்டு: சன்னம் 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் சக்தி வேண்டும், 10 கிராமுக்கு மேல் என்றால் 2200 ஜூல் போதும். அதனால்தான் ஆறரைக்காரர்கள் எல்லோரும் 10.1 கிராம் சன்னம் உள்ள பெட்டியைத் தேடுவார்கள். நான் இப்போது .308 தான். காரணம், செப்புச் சன்னத்துக்கு மாறிவிட்டேன். ஈயச் சன்னம் எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிதறி இறைச்சிக்குள் போகும். 2013 இல் இங்கே அதைப் பற்றி உணவுப் பாதுகாப்பு நிபுணர்களின் அறிக்கை வந்தது. உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, நீங்களும் செப்பே வாங்குங்கள். செப்பு ஈயத்தை விட எடை குறைந்தது, ஆறரைக் குழலில் அதை அந்த 10 கிராமுக்கு மேல் கனமாகச் செய்வது கடினம், அதனால் செப்புக்கு .308 தான் வசதி.

மேக்னம் என்ற, மருந்து கூடிய பெரிய ரவைத் துவக்கு வேண்டாம். எங்கள் ஆட்களில் சிலரைப் பார்க்கிறேன். மரவேலைப்பாடு செய்த ஜெர்மன் துவக்கு, கை தடிப்பில் தொலைநோக்கி, தோளில் போட்டு ஒரு படம். ஆண்டுக்கு ஒரு பெட்டி ரவைகூடச் சுடுவதில்லை. பெரிய ரவையின் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போது கண்ணை மூடுகிறார்கள். காயப்பட்டு ஓடும் மிருகத்துக்கு உங்கள் துவக்கின் விலை தெரியாது. எல்க் போன்ற பெரிய மிருகங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் தேர்வுச் சூடு இருக்கிறது: 30 பயிற்சி வெடி, அப்புறம் 100 மீட்டரில் மான் உருவத்தின் மேல் 5 வெடி, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழவேண்டும். அந்த 30 வெடியைப் பலர் கடமைக்காகச் சுடுகிறார்கள். நீங்கள் 200 சுடுங்கள். முழங்காலில் இருந்து, மரத்தில் சாய்ந்து, மூச்சு வாங்க ஓடிவந்து நின்று சுடுங்கள். ரவை நிரப்பும் சாமான்களுக்கு வைத்திருக்கும் காசு இதற்குத்தான் போகவேண்டும்.

துவக்கு அலுமாரியையும் பார்த்து வாங்குங்கள். அங்கீகார முத்திரை உள்ளதை வாங்கிச் சுவரில் ஆணி இறுக்குங்கள், சாவியைச் சாப்பாட்டு மேசை லாச்சியில் போடாதீர்கள்.

பராமரிப்பில் புதியவர்கள் செய்யும் பிழை, எண்ணெய்யை ஊற்றுவது. எங்களுக்கு எண்ணெய் என்றால் நல்லது என்று ஒரு எண்ணம். இங்கே மைனஸ் 20 இல் அந்த எண்ணெய் பாகு போல இறுகும், ஊசி மெதுவாகப் போய்த் தட்டும், ரவை வெடிக்காது. குளிர் தொடங்க முன் பொல்ட்டைக் கழற்றி உள்ளே இருப்பதைக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். குழலுக்குள் எண்ணெய் இருந்தால் முதல் வெடி வேறு இடத்துக்குப் போகும், எனவே காட்டுக்கு வெளிக்கிட முன் காய்ந்த துணி ஒன்றை உள்ளே ஓட்டுங்கள். துடைக்கும் கம்பியை எப்போதும் பின்பக்கத்தால் விடுங்கள், வாய்ப்பக்கத்தால் விட்டுக் குழலின் விளிம்பைத் தேய்த்தால் குறி கெட்டுவிடும். குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். சன்னத்துக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் குழலுக்குள் அடைத்த பனி போகாது, குழலை வீங்க வைத்துவிடும். வேட்டை முடிந்ததும் குளிர்ந்த துவக்கை நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வியர்த்துக் கொட்டும், இரண்டு நாளில் துரு. உறைக்குள்ளேயே வைத்து மெல்ல மெல்லச் சூடாக விட்டு, அப்புறம் துடைத்து அலுமாரியில் வையுங்கள்.

கத்திக்கு அவ்வளவு யோசனை வேண்டாம். பத்து சென்டிமீட்டருக்குள் அலகுள்ள மோரா கத்தி ஒன்று போதும். பிறகு ஆசை வந்தால் ஹெல்லெ என்ற நோர்வேக் கொம்பனி செய்த, பூவிழுந்த பிர்ச் மரப்பிடி உள்ளதை வாங்குங்கள், நானும் வைத்திருக்கிறேன். முக்கியம் தீட்டுவது. ஃபின்மார்க்கில் முதல் கிழமை எனக்கு ஒரு கத்தியைத் தந்து மீனுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கை விறைத்து, கத்தி மழுங்கி, மீனைக் கிழித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் பெண்மணி ஒருவர், என் அம்மா வயது இருக்கும், என் கத்தியை வாங்கி, கல்லில் அலகின் சரிவைத் தட்டையாகப் படுத்தி, ஒரே கோணத்தில் இழுத்துக் காட்டினார். மொழி இல்லாமல் கற்ற முதல் பாடம் அது. அந்தக் கணத்தில் எனக்கு நினைவு வந்தது ஊரில் கள்ளுச் சீவ வருபவர் பனையடியில் குந்தியிருந்து பாளைக் கத்தி தீட்டுவது. அவரும் அதே கவனத்துடன்தான் பலகையில் இழுப்பார், கை மயிரில் வைத்துப் பார்ப்பார், நாங்கள் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். அதன் பிறகு எனக்குத் தீட்டல் யாரும் சொல்லித் தரவேண்டி வரவில்லை. எங்கள் வேட்டைக் குழுவில் இன்றைக்கும் இறைச்சி வெட்டும் நாளன்று எல்லோருடைய கத்தியும் என் முன்னால் வரும்.

ஒன்று மறக்காதீர்கள், வேட்டை முடிந்து கடைக்குப் போகும்போது கத்தியை இடுப்பில் தொங்கவிட்டபடி போகாதீர்கள். தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். எங்கள் நிறத்துக்கு அந்தக் காரணத்தைச் சொல்லக் கிடைக்கும் நேரமும் குறைவு.

மூன்று காலம் கழித்தும் ரவை நிரப்ப ஆசை இருந்தால், என்னிடம் வாருங்கள், பக்கத்தில் இருத்திக் காட்டுகிறேன். மிச்சம் பிடிக்க என்று வராதீர்கள். அழுத்தும் கருவி, அச்சு, தராசு, அளவுகோல் எல்லாம் வாங்கிய காசு ஆண்டுக்கு ஒரு எல்க் சுடுபவருக்குத் திரும்பி வராது. மேசையில் ஒரே நேரத்தில் ஒரு மருந்துப் போத்தல் மட்டும் இருக்கவேண்டும். அளவு, மருந்துக் கொம்பனியின் அட்டவணையில் உள்ளது, அதிலும் கீழிருந்து தொடங்குவது. நிரப்பிய கோதுகளை வரிசையாக வைத்து விளக்குப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்க்காமல் சன்னம் வைக்கக்கூடாது. தொலைபேசி வேறு அறையில். பெட்டியில் மருந்து, அளவு, தேதி, எந்தத் துவக்குக்கு என்று எழுதாத ரவை, நிரப்பாத ரவைக்குச் சமம். என்னுடையதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, என் மகனுக்குக்கூட.

சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவன் இங்கே துவக்குத் தூக்குகிறான் என்று ஒஸ்லோவில் ஒரு கலியாண வீட்டில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். உங்களுக்கும் சொல்வார்கள். முப்பது ஆண்டாக இந்த நாட்டில் இருந்தும் தார் ரோட்டை விட்டு இறங்காதவர்கள் அவர்கள். துவக்கைக் கண்டால் வேலி பாய்ந்த தலைமுறை நாங்கள், அதை எனக்கு யாரும் நினைவுபடுத்தவேண்டியதில்லை. கடையில் முதல் தடவை துவக்கைக் கையில் தந்தபோது என் உள்ளங்கை நனைந்தது. அம்மா இருக்கும் வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

முதல் ஆண்டு என்னை ஒரு சதுப்பின் ஓரத்தில் இருத்திவிட்டு, நாய் குரைக்கும் சத்தம் வந்தால் ஆயத்தமாக இரு என்று சொல்லிப் போனார்கள். ஐந்து மணி நேரம். இருட்டும் நேரம் நாய் குரைத்தது. பெரிய ஆண் எல்க் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வந்து நின்றது. அறுபது மீட்டர் இருக்கும், ஆனால் பின்புறத்தைக் காட்டியபடி நின்றது. நான் சுடவில்லை. அது திரும்பும் என்று காத்திருந்தேன், அது திரும்பாமலே நடந்து போய்விட்டது. இரவு குழுத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை, தன் குடுவையிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அடுத்த நாள் வேறு ஒருவர் சுட்ட கன்றின் இருதயத்தை என் பையில் போட்டுவிட்டார். மனைவி அதை மிளகு போட்டுப் பிரட்டினார். ஜன்னலுக்கு வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது, நான்கு பேரும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டோம்.

எல்வெரும் பக்கம் ஒரு சனிக்கிழமை வாருங்கள், தம்பி. கடை ரவை இரண்டு பெட்டி நான் கொண்டுவருகிறேன். கண்ணாடியும் காது மூடியும் நீங்கள் கொண்டுவாருங்கள்.