தள்ளுபடிக் கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்? – வாசகர் கேள்வி பதில்

நெல்லை, பாளை, தென்காசிப் பக்கம் தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் பாளைக்குப் போய் சாமான் வாங்குகிறோம். பில் அடியில் ‘நீங்கள் சேமித்தது 612 ரூபாய்’ என்று வருகிறது. நிஜமாகவே அவ்வளவு மிச்சமா? எங்கள் தெரு அண்ணாச்சி கடையிலேயே வாங்கினால் நஷ்டமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

அந்த 612 ரூபாய், எம்ஆர்பிக்கும் கடை போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசம். எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்த்து, இதற்கு மேல் விற்கவே கூடாது என்கிற உச்ச விலை. உங்கள் அண்ணாச்சியும் பல சாமான்களை அதற்குக் கீழேதான் கொடுக்கிறார். ஆகவே ஒப்பிட வேண்டியது எம்ஆர்பியோடு அல்ல, அண்ணாச்சி விலையோடு.

மாதாமாதம் தவறாமல் வாங்கும் இருபது சாமான்களை நோட்டில் எழுதி, இரண்டு கடை விலையையும் எதிரெதிரே குறியுங்கள். ஒரே மாதத்தில் படம் தெளிவாகிவிடும். சோப்பு, துணி பவுடர், பற்பசை, டீத்தூள், நாப்கின் மாதிரி கம்பெனிச் சரக்கில் பெரும்பாலும் தள்ளுபடிக் கடைதான் மலிவு. கம்பெனியிடமே மொத்தமாக எடுப்பதால் அவர்களுக்கு அது கட்டுப்படியாகிறது. துவரம்பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, புளி இவற்றில் நிலைமை வேறு. கடையே பாக்கெட் போட்டு ஒட்டும் சரக்குக்கு எம்ஆர்பியைத் தீர்மானிப்பதும் அந்தக் கடைதான். ‘எம்ஆர்பி 200, எங்கள் விலை 149’ என்று அதில் போட்டிருந்தால் அந்த 51 ரூபாய்க்கு அர்த்தமே இல்லை. அண்ணாச்சி அதே தரத்தை 145க்குக் கொடுத்தால் உங்களுக்கு 4 ரூபாய் நஷ்டம். காய்கறிக்கு, பாளை மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போகிறவர்கள் சூப்பர் மார்க்கெட் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

இனி பயணக் கணக்கு. 3,000 ரூபாய் பில்லில் கம்பெனிச் சரக்கு 1,200 ரூபாய் என்றும், அதில் அண்ணாச்சி விலையைவிட 8 சதவீதம் குறைவு என்றும் வைத்துக்கொண்டால் மிச்சம் 96 ரூபாய். இரண்டு பேர் போய்வரும் பஸ் செலவும் டீ, வடையும் அதைத் தின்றுவிடும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான், வெளியூர் பஸ்ஸில் கிடையாது. அதனால் சாமானுக்காக மட்டும் பாளைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று வேறு வேலையாகப் போகும்போது, கெட்டுப்போகாத சோப்பு, பவுடர் வகையை இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்போதுதான் மிச்சம் மிச்சமாகவே வீடு வந்து சேரும்.

இன்னொன்று: அரிசி, சீனி, எண்ணெய் பெரும்பாலும் கடையின் கடைசிக் கோடியில் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் பிஸ்கட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் வண்டியில் ஏறிவிடும். வாங்க எழுதிக்கொண்டு போன சீட்டில் இல்லாத சாமான் எதுவானாலும், எத்தனை சதவீதத் தள்ளுபடியானாலும், அது செலவுதான். மாசக் கடைசியில் பற்று நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கும் வசதியும் அண்ணாச்சியிடம் மட்டுமே உண்டு. அதற்கும் ஒரு விலை போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒரே கம்பெனி சூரியகாந்தி எண்ணெய், ஒரே மாதிரி கவர். ஒன்று 150, இன்னொன்று 139. குறைந்ததை எடுத்தால் சரிதானே?
– வாசகர், பேட்டை

கவரின் கீழ்ப்பக்கம் பாருங்கள். ஒன்றில் 1 லிட்டர் என்றும் மற்றதில் 800 கிராம் என்றும் இருக்கக்கூடும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம். 150 ரூபாய்க்கு 910 கிராம் என்றால் கிலோ 165 ரூபாய் விழுகிறது. 139 ரூபாய்க்கு 800 கிராம் என்றால் கிலோ கிட்டத்தட்ட 174. விலை குறைவாகத் தெரிந்த கவர்தான் கிலோவுக்கு 9 ரூபாய் கூடுதல். டின்னிலும் இதே சிக்கல் உண்டு. 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோதான், 15 கிலோ டின் வேறு.

கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது எம்ஆர்பியை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நீங்களே போனில் வகுத்துப் பார்க்க வேண்டும். ஷாம்பூவையும் இப்படி வகுத்துப் பாருங்கள். 2 ரூபாய் சாஷேயில் 6 மில்லி இருந்தால், 180 மில்லிக்கு 30 சாஷே, 60 ரூபாய். அதே 180 மில்லி பாட்டில் தள்ளுபடி போக என்ன விலை என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நல்லெண்ணெய் அடுக்கில் ஒரு எச்சரிக்கை. பக்கத்திலேயே அதே நிறத்தில் தீப எண்ணெய் பாட்டில் நிற்கும். அது விளக்குக்கு மட்டுமானது, சமையலுக்கு ஆகாது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் பெயரைப் படியுங்கள்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது?
– வாசகர், வள்ளியூர்

2022 ஜூலை 18 முதல், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. அதனால்தான் ஒரு கிலோவைக் கூட்டிக் கட்டுகிறார்கள். விலையை 25ஆல் வகுக்காமல் 26ஆல் வகுங்கள். 1,430 ரூபாய் மூட்டை கிலோ 55 விழும், 1,400 ரூபாய்க்கு 25 கிலோ எடுத்தால் 56. 26 கிலோவைத் தின்று தீர்க்க மூன்று மாதமாகும் சிறு குடும்பம் என்றால் அண்டை வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். நாள்பட்டால் வண்டு வரும். இட்லிக்கு என்றால் கவரில் ‘இட்லி அரிசி’ என்றிருப்பதை மட்டும் நம்பாமல், அம்பை 16 மாதிரிக் குட்டைப் பருமன் ரகமா என்று மணியைப் பாருங்கள்.

தள்ளுபடியில் வாங்கிய துவரம்பருப்பு ஐந்து விசில் வைத்தாலும் வேகவில்லை. கலப்படமா?
– வாசகி, மேலப்பாளையம்

கலப்படம் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, பழைய பருப்பு. வெக்கையும் ஈரமும் உள்ள குடோனில் நாள்பட்டுக் கிடந்த பருப்பு உள்ளுக்குள் இறுகிவிடும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் விறைத்தே நிற்கும். பாக்கெட்டில் உள்ள தேதி, பாக்கெட் போட்ட தேதி. பருப்பு உடைத்த தேதியோ விளைந்த தேதியோ அல்ல. மங்கிய நிறம், கவரின் அடியில் மாவு, பருப்பில் சிறு ஓட்டை, மக்கிய வாடை இருந்தால் பழையது.

இன்னொன்று தண்ணீர். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இளக விடாது. சோதிப்பது எளிது. அதே பருப்பில் அரைக் கப் வீதம் இரண்டு பாத்திரத்தில் எடுத்து, ஒன்றைத் தாமிரபரணிக் குடிநீரிலும் மற்றதைப் போர் தண்ணீரிலும் குக்கருக்குள் ஒன்றாக வைத்து வேகவையுங்கள். ஆற்றுத் தண்ணீரில் வெந்தால் குறை பருப்பில் இல்லை. இரண்டிலும் வேகாவிட்டால் பருப்பு பழையது, பில்லோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு மூன்று கப் குடிநீர் விட்டு வேகவையுங்கள். பருப்பு மசியும் முன்னே புளியோ தக்காளியோ சேர்க்கக் கூடாது, புளிப்பு பருப்பை இறுக்கும். அப்படியும் முரண்டு பிடித்தால் 200 கிராமுக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். கூடினால் வாடை அடிக்கும், வைட்டமினும் வீணாகும். அடுத்த தடவை புதுக் கடையில் 5 கிலோ எடுக்காமல், முதலில் அரைக் கிலோ வாங்கிச் சமைத்துப் பாருங்கள்.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று ரவையும் ஓட்ஸும் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேதி முடிய இருபது நாள்தான் இருக்கிறது.
– வாசகி, சேரன்மகாதேவி

இலவசம் போடுவதற்குப் பாதிக் காரணம் அந்தத் தேதிதான். சோப்பு, பாத்திரம் துலக்கும் பார் என்றால் தயங்காமல் எடுக்கலாம். ரவை, மைதா, கோதுமை மாவு, நெய், முந்திரி, மசாலாப் பொடி இவற்றை இருபது நாளில் தீர்க்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் முந்திரி, வேர்க்கடலை காறல் வாடை அடிப்பது வேகம்.

ரவையை இன்றே வறுத்துவிடுங்கள். வெறும் சட்டியில் சிறு தீயில், நிறம் மாறாமல் கைக்குச் சூடு தெரியும்வரை ஐந்தாறு நிமிடம். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஓட்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டைகள் செத்துவிடும். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டினால் ருசியும் தரமும் குறையலாம் என்று பொருள். ‘எக்ஸ்பயரி’, ‘யூஸ் பை’ தேதி தாண்டினால் சாப்பிடவே கூடாது. ஐஸ்கிரீம், பனீர், வெண்ணெய் மாதிரிக் குளிர்ச் சரக்கைக் கடைசியில் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கள். மத்தியான பஸ் என்றால் அவற்றை வாங்கவே வேண்டாம்.

அடுக்கில் 85 என்று எழுதியிருந்தது, பில்லில் 98 போட்டார்கள். கேட்டால் ‘ஆஃபர் நேற்றோடு முடிந்தது’ என்கிறார்கள். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்றும் இருக்கிறது.
– வாசகர், தென்காசி

அடுக்கில் உள்ள விலைச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் இடத்தை விட்டு நகரும் முன்னே பில்லைப் படிப்பதுதான் பெரிய பாதுகாப்பு. ஒரே சாமான் இரண்டு தடவை ஸ்கேன் ஆவதும், ஆஃபர் விழாமல் போவதும் அங்கேயே தெரியும். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். எடைக் குறைவுக்கும் எம்ஆர்பி மீறலுக்கும் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.

‘திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் கடையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கால அவகாசம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் உண்டு. நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது பொருந்தாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பில் அச்சாகும் தாள் வெயிலில் சில மாதத்தில் வெளுத்துப் போகும். குக்கர், மிக்சி பில் என்றால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

பைக்குக் காசு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, பாவூர்சத்திரம்

முன்கூட்டியே சொல்லாமல், பில் போடும் நேரத்தில் கடைப் பெயர் அச்சிட்ட பைக்குக் காசு சேர்ப்பதை நுகர்வோர் ஆணையங்கள் தவறு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. வீட்டிலிருந்து இரண்டு மஞ்சப்பை கொண்டுபோங்கள். ஒன்று சோப்பு, பவுடருக்கு, இன்னொன்று தின்கிற சாமானுக்கு. ஒன்றாகப் போட்டால் டீத்தூளும் ரவையும் சோப்பு வாடையை இழுத்துக்கொள்ளும்.