தங்கம் ஏன் சிவக்கிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில், நானோ அளவுப் பொருட்கள் ஒளியை என்ன செய்கின்றன என்று ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பாக இருந்த தங்கக் கரைசலின் படத்தைப் போட்டதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன, முடிந்தவரை எழுதுகிறேன்.

அக்கா, தங்கம் எப்படிச் சிவப்பாகும்? கலப்படமா? (அல்சூர் வாசகி)

சுத்தத் தங்கம்தான்மா. ஒவ்வொரு துகளும் சுமார் 20 நானோமீட்டர், நாலாயிரம் துகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் பருமன் வரும். தங்கத்துக்குள் திரியும் எலக்ட்ரான்கள் இவ்வளவு சின்ன இடத்தில் அடைபட்டிருக்கும்போது ஒளி பட்டால் எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தான் வேகம் பிடிக்கும் இல்லையா, அது மாதிரி இவற்றுக்குப் பிடித்த தள்ளல் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளி. பச்சையை அவை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு.

இதைச் செய்து பார்ப்பதே தனி சந்தோஷம். இளமஞ்சளாக இருக்கும் தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவிட்டு சிட்ரேட்டை (எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்பு) ஊற்றினால், முதலில் நிறமே போய்விடும், பிறகு கருநீலமாக இருண்டு, சில நிமிடத்தில் மாதுளைச் சாறு மாதிரி தெளிந்த சிவப்பாகும். அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போடுங்கள், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எல்லாம் நீலமாகிவிடும். தங்கம் அதே தங்கம், நெருக்கம்தான் மாறியது. ஆங்கில விஞ்ஞானி ஃபாரடே 1857லேயே இந்தச் சிவப்புக்குக் காரணம் நுண்ணிய தங்கத் துகள்கள் என்று சொல்லிவிட்டார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் வரும் இளஞ்சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே தங்கத் துகள்தான்.

குவாண்டம் டாட் டிவி உண்மையா, விளம்பரமா?

உண்மை. குவாண்டம் டாட் என்பது சில நானோமீட்டரே உள்ள குறைக்கடத்தித் துகள், அளவைப் பொறுத்து அது ஒளிரும் நிறம் மாறும். காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் என்றால் நீலம், 6 என்றால் சிவப்பு, பொருள் ஒன்றுதான். 2023 வேதியியல் நோபல் இதற்குத்தான். டிவியில் நீல எல்.இ.டி. ஒளியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்ற இந்தத் துகள்களை வைக்கிறார்கள்.

அக்கா, எம்.எஸ்சி. புராஜெக்ட். அடுக்கடுக்காக இருக்கும் மாலிப்டினம் டைசல்பைடு படிகத்தை செலோடேப்பில் உரித்தேன். கிடைத்தது ஒற்றை அடுக்குதானா என்று எப்படி உறுதி செய்வது?

தம்பி, மைக்ரோஸ்கோப்பில் தெரியும் நிறத்தை மட்டும் நம்பாதே. ராமன் ஸ்பெக்ட்ரம் எடு, அதாவது லேசரை அடித்து, சிதறி வரும் ஒளியின் ஆற்றல் எவ்வளவு மாறியது என்று அள. 384 செ.மீ.⁻¹ஐ (அந்த மாற்றத்தின் அலகு) ஒட்டி ஒரு பீக் (உச்சி), 403ஐ ஒட்டி இன்னொன்று வரும். இடைவெளி 19 அல்லது கொஞ்சம் குறைவு என்றால் ஒற்றை அடுக்கு, தடித்த படிகத்தில் அது 25 வரை போகும். ஆனால் முதலில் கருவி சரியா என்று அறிய, சிலிக்கான் பீக் 520.5ல் விழுகிறதா என்று பார்த்துவிடு, அதைச் சரிபார்க்காமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. அப்புறம் ஒளிர்வைப் பார். ஒற்றை அடுக்கு 670 நானோமீட்டரை ஒட்டிப் பளிச்சென்று ஒளிரும், தடித்ததில் அது மிக மங்கல், ஏனென்றால் ஒற்றை அடுக்கில் மட்டும்தான் நேரடி ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் கீழே இறங்கும்போது ஆற்றலை எளிதாக ஒளியாக விடும் அமைப்பு.

லேசர் பவரைக் குறைத்தே ஆரம்பி. முதல் வருடத்தில் சிக்னல் போதவில்லை என்று நான் பவரைக் கூட்டினேன், இரண்டு வாரம் தேடிக் கண்டுபிடித்த துண்டில் ஓட்டை விழுந்தது. இப்போதும் அந்தப் படத்தை மேஜைமேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்த ராமன் ஸ்பெக்ட்ரத்துக்கு அடிப்படையான விளைவு, நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928ல் கல்கத்தாவில் கண்டது. 1933ல் அவர் இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

என் மகள் தமிழ் மீடியம், இப்போது பி.எஸ்சி. இயற்பியல். இந்தத் துறைக்கு வர முடியுமா? (ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அப்பா)

தாராளமாக வரலாம் ஐயா. பி.எஸ்சி. முடித்ததும் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் எம்.எஸ்சி.க்கும் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் வழி உண்டு. எம்.எஸ்சி.க்குப் பிறகு பிஎச்.டி.க்கு நெட் (NET), கேட் (GATE), ஜெஸ்ட் (JEST) தேர்வுகள் இருக்கின்றன. நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023ல் உயர்த்தினார்கள். ஆங்கிலம் ஓராண்டில் வந்துவிடும், நானும் தமிழ் மீடியம்தான். கண்ணாடிக் குடுவையைக் கழுவுவதிலும், பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுதுவதிலும் பொறுமை இருந்தால் அவளை அனுப்புங்கள்.

மயில்கழுத்துப் பட்டுக்கும் இந்த நானோ சமாசாரம்தான் காரணமா?

இல்லைங்க, அங்கே பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடு (குறுக்கு நூல்) வேறு நிறம், அவ்வளவுதான். மயிலிறகு விஷயம் வேறு. அதில் நீலச் சாயமே கிடையாது, மெலனின் என்ற பழுப்பு நிறமியின் நுண்ணிய குச்சிகள் 150 நானோமீட்டரை ஒட்டிய இடைவெளியில் வரிசையாக நிற்பதால்தான் நீலமும் பச்சையும் தெரிகின்றன. உதிர்ந்த இறகு ஒன்றை உரலில் நன்றாக இடித்துப் பாருங்கள், பழுப்புத் தூள்தான் மிஞ்சும். பட்டில் ஒரு நூலை உருவினால் நிறம் அந்த நூலோடேயே வரும்.