ஒரே நிரல், ஒரே உள்ளீடு, இரண்டு விடைகள்: சிபியு தவறாகக் கணக்குப் போடுமா?

கேள்வி: ஒரே நிரலை, ஒரே உள்ளீட்டோடு இரண்டு சர்வர்களில் ஓட்டுகிறேன். ஒன்றில் மட்டும், அதுவும் எப்போதாவது, விடை மாறி வருகிறது. நிரலில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. சிபியுவே தவறாகக் கணக்குப் போட வாய்ப்பு உண்டா? இல்லை, நான் வீணாகத் தேடிக்கொண்டிருக்கிறேனா?

வாய்ப்பு உண்டு. ஆனால் உங்கள் நிரலில்தான் பிழை இருக்கும் என்பதற்கான வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். எதை எப்படிச் சோதிப்பது என்று கடைசியில் சொல்கிறேன். இந்த விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. லட்சக்கணக்கான கோப்புகளில் ஓரிரண்டு மட்டும், விரித்துப் பார்த்தால் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒத்துப்போகாது. அந்த நிரலை எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. அவர் நிரலை வரிவரியாக மூன்று முறை படித்தோம், டிஸ்க்கை மாற்றினோம், மெமரியை மாற்றினோம். மூன்றாவது வாரம் அவரே ஒரு பட்டியலோடு வந்தார். கெட்டுப்போன கோப்புகள் அத்தனையும் ஒரே சர்வரில் சுருக்கப்பட்டவை. அந்த சர்வரின் சிபியுவில் ஒவ்வொரு கோராக (சிபியுவுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) பிரித்து நிரலை ஓட்டினோம். ஒரே ஒரு கோரில் மட்டும் விடை தப்பியது. மற்ற கோர்களில் ராத்திரி பகலாக ஓட்டியும் ஒரு பிட்கூட மாறவில்லை.

இதற்கு 'சைலன்ட் டேட்டா கரப்ஷன்' என்று பெயர். இயந்திரம் நிற்காது, பிழைச் செய்தி வராது. காதும் காதும் வைத்தாற்போல் தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

2021இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் இதற்கு அருமையான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட சிபியுவின் ஒரு கோரில் 1.1இன் 53ஆம் அடுக்கைக் கணக்கிட்டு முழு எண்ணாக்கினால் 156 வர வேண்டும், 0 வந்தது. அதே கோரில் 52ஆம் அடுக்குக்குச் சரியாக 142 வந்தது. அந்த விடைதான் விரிக்கப்பட வேண்டிய கோப்பின் அளவு. அளவு 0 என்றால் 'காலிக் கோப்பு, விட்டுவிடலாம்' என்று நிரல் முடிவு செய்கிறது, கோப்பு காணாமல் போகிறது. லட்சக்கணக்கான வரி அசெம்பிளியை (சிபியுவின் கட்டளைகளை அப்படியே எழுதும் மொழி) குறைத்துக் குறைத்துச் சுமார் 60 வரிக்குக் கொண்டுவந்த பிறகே காரணம் பிடிபட்டது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மரியாதை பொங்குகிறது.

அதே வருடம் கூகுள் பொறியாளர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இப்படிப்பட்ட கோர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மெர்க்குரியல் கோர்', அதாவது நிலையற்ற குணம் கொண்டது. பல ஆயிரம் சர்வர்களுக்குச் சில கோர்கள் இப்படி இருப்பதாகச் சொன்னார்கள். அதில் என் தூக்கத்தைக் கெடுத்த பகுதி ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை பற்றியது. பழுதான கோரில் ஒரு தகவலைப் பூட்டி, அதே கோரில் திறந்தால் மூலத்தகவல் அப்படியே கிடைக்கிறது. வேறெந்தக் கோரில் திறந்தாலும் வெறும் குப்பை. பூட்டியவனையே 'சரியாகப் பூட்டினாயா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் சொல்வான். வேலியே பயிரை மேய்கிற கதை.

'மெமரியில் பிழைதிருத்தம் இருக்கிறதே, அது பிடிக்காதா?' என்று பலர் கேட்பார்கள். ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் கொடுத்த பிழைதிருத்தக் குறியீடுகளின் வழிவந்தவைதான் இன்றும் சர்வர் மெமரியைக் காக்கின்றன. ஆனால் அவை காப்பது வைத்த எண் வைத்தபடி இருக்கிறதா என்பதை மட்டும். கூட்டும் பெருக்கும் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் அப்படிக் காவல் கிடையாது. அங்கே 156க்குப் பதில் 0 பிறந்துவிட்டால், மெமரி அந்த 0வுக்குப் பிழைதிருத்தக் குறியீடு போட்டுக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும்.

1994இல் இன்டெலின் பென்டியம் சிப்பில் தெரியவந்த வகுத்தல் பிழையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வடிவமைப்பில் நேர்ந்த தவறு: வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. ஆகவே அந்த வடிவமைப்பில் வந்த எல்லாச் சிப்பும் ஒரே மாதிரி தப்பின, 4195835ஐ 3145727ஆல் வகுத்து எவரும் சரிபார்க்க முடிந்தது. நான் சொல்லும் பழுதோ ஒரு சிப்பில், ஒரு கோரில், சில எண்களுக்கு மட்டும், சில வெப்பநிலையில் மட்டும் வருவது. தொழிற்சாலைச் சோதனையில் தப்பிய நுண்ணிய குறையாக இருக்கலாம். சில வருடம் ஓடியபின் டிரான்சிஸ்டர் தேய்ந்து தலைகாட்டுவதாகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. சில கோர்கள் குறைந்த வேகத்தில் அதிகம் தப்புவதை கூகுள் குழு பார்த்திருக்கிறது.

எவ்வளவு அரிது? அலிபாபா 2023இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிபியுக்களை ஆராய்ந்து சொன்னது, பத்தாயிரத்துக்கு மூன்று நான்கு என்ற அளவு. உங்கள் மடிக்கணினிக்கு இது கவலையே இல்லை. ஆனால் மெட்டா 16,384 ஜிபியுக்களை (ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் சிப்) சேர்த்து லாமா 3 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவித்தபோது, 54 நாட்களில் எதிர்பாராத தடங்கல் 419 முறை வந்தது. அதில் 6க்குக் காரணம் இந்த மௌனப் பழுது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு பழையது. 1984இல் ஹுவாங், ஆபிரகாம் இருவரும் அணிப்பெருக்கலுக்குக் கொடுத்தது. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அணியின் வரிசைகள் (1, 2), (3, 4). இரண்டாவது (5, 6), (7, 8). பெருக்கினால் (19, 22), (43, 50). இப்போது முதல் அணியை மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள்: (4, 6). இதை இரண்டாவது அணியால் பெருக்கினால் (62, 72). விடை அணியை மேலிருந்து கீழாகக் கூட்டினாலும் 62, 72தான் வரவேண்டும். சிப் 50க்குப் பதில் 48 என்று போட்டிருந்தால் இரண்டாவது கூட்டல் 70 ஆகிவிடும், உடனே அகப்பட்டுக்கொள்ளும். இடமிருந்து வலமாகவும் இப்படியே செய்தால் எந்த வரிசை என்றும் தெரிந்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் 2ஐச் சேர்த்தால் பிழை திருந்திவிட்டது, மறுபடி பெருக்கவே வேண்டாம்! அணி பெரிதாகப் பெரிதாகச் சரிபார்க்கும் செலவு பெருக்கும் செலவுக்கு முன் ஒன்றுமில்லாமல் போகும். செயற்கை நுண்ணறிவின் கணக்கில் பெரும்பங்கு அணிப்பெருக்கல் என்பதால், நாற்பது வருடம் கழித்து இந்த யோசனைக்கு மவுசு வந்திருக்கிறது. தசமக் கணக்கில் இயல்பாக வரும் சிறு வேறுபாடு எது, பழுது எது என்று எல்லைக்கோடு போடுவதுதான் கடினமான வேலை.

இனி உங்கள் சிக்கல். முதலில் நிரலைச் சந்தேகியுங்கள். பல திரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) தசம எண்களைக் கூட்டுகின்றனவா? கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும், அது பழுதல்ல. தொடக்க மதிப்பு கொடுக்காத மாறி, பூட்டில்லாமல் இரண்டு திரெட் தொடும் மாறி, இரண்டு சர்வர்களிலும் வேறுவேறு பதிப்பு நூலகம், இவற்றையெல்லாம் கழித்துவிடுங்கள். ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது சிப்பை அதன் வரம்பைத் தாண்டிய வேகத்தில் ஓட்டினால், அதை நிறுத்துங்கள். மெமரி சோதனையை ஓர் இரவு ஓட்டுங்கள்.

அதன் பிறகும் மாறினால், லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளையால் நிரலை ஒவ்வொரு கோராகக் கட்டி, அதே உள்ளீட்டோடு ஆயிரக்கணக்கான முறை ஓட்டுங்கள். விடைகளை வேறொரு இயந்திரத்தில் ஒப்பிடுங்கள். சந்தேகத்துக்குரிய இயந்திரத்திலேயே ஒப்பிட வேண்டாம். இன்டெல் திறந்தமூலமாக வெளியிட்ட ஓப்பன்டிசிடயக் (OpenDCDiag) என்ற சோதனைக் கருவியையும் ஓட்டிப் பாருங்கள். எதுவும் அகப்படவில்லை என்றால் சிப் நல்லது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்கள் நிரல் தொடும் எண்களை அந்தச் சோதனை தொடாமல் போயிருக்கலாம்.

ஒவ்வொரு விடையோடும் எந்த சர்வர், எந்தக் கோர் என்பதை இன்றிலிருந்தே பதிவு செய்யுங்கள். எங்கள் பதிவில் சர்வரின் பெயர் மட்டும்தான் இருந்தது, கோர் எண் இல்லை. அது இருந்திருந்தால் அந்தப் பெண் மூன்று வாரம் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருந்திருக்காது.